இங்கிலாந்தில் அரசுச் செலவில் எடைக் குறைப்பு உதவி: தகுதி விதிகள்

இங்கிலாந்தில் தேசிய நலச் சேவை (என்.எச்.எஸ்.) உடற்பருமன் உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கப் பல வகையான உதவிகளை அளிக்கிறது. உணவு, உடற்பயிற்சி வகுப்புகள், கைப்பேசி வழித் திட்டங்கள், நீரிழிவுக்காரர்களுக்கான உணவுமுறை, மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகியவை இதில் அடங்கும். மருந்துச் சீட்டுக் கட்டணம் போன்ற சில சிறு செலவுகள் தவிர, இவற்றின் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் இது ஒரே திட்டம் அன்று. ஒவ்வோர் உதவிக்கும் தனித்தனித் தகுதி விதி உண்டு. ஒன்றுக்குத் தகுதி பெற்றவர் இன்னொன்றுக்குத் தகுதி பெறாமல் போகலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் வேறு. இக்கட்டுரை இங்கிலாந்தின் 2025 நிலவரத்தை விளக்குகிறது.

"என் எடைக்கு உதவி கிடைக்குமா?" என்று கேட்பவர் பெரும்பாலும் ஓர் எண்ணை மட்டுமே எதிர்பார்க்கிறார். உண்மையில் எடை, உயரம், உடன் இருக்கும் நோய்கள், குடும்பப் பூர்வீகம், வசிக்கும் வட்டாரம் ஆகிய எல்லாம் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் பூர்வீகம் பற்றிய விதி தமிழர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. அதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

உடல் நிறை குறியெண்

எல்லாத் திட்டங்களும் உடல் நிறை குறியெண்ணிலிருந்தே தொடங்குகின்றன. கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இது. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய்ந்தபோது உருவாக்கிய விகிதம் அது. இன்றைய பெயரை 1972-இல் அமெரிக்க அறிவியலாளர் ஆன்செல் கீஸ் சூட்டினார். கெட்லே தனி மனிதரின் நோயை அளக்க இதை உருவாக்கவில்லை என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 1.60 மீட்டர் என்றால் அதன் வர்க்கம் 2.56. எடை 72 கிலோ என்றால் 72-ஐ 2.56-ஆல் வகுக்க 28.1 வரும். பொது அளவுகோலின்படி 25 முதல் 29.9 வரை மிகை எடை, 30-உம் அதற்கு மேலும் உடற்பருமன். ஆகவே இந்த 28.1 உடற்பருமன் ஆகாது. ஆனால் அந்த 72 கிலோவுக்குரியவர் தமிழர் என்றால் விடை மாறிவிடும். எப்படி என்பதை அடுத்துக் காணலாம்.

குறியெண் 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இடுப்பளவையும் பார்க்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் தரும் அறிவுரை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. ஒரு நூலை உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தகுதி விதிகளில் இந்த அளவு பெரிதாக இடம்பெறுவதில்லை. நோய் அபாயத்தை மருத்துவர் மதிப்பிட உதவுகிறது.

இரண்டரைப் புள்ளி

தெற்காசியர், சீனர், பிற ஆசியர், மத்திய கிழக்கு நாட்டவர், கறுப்பின ஆப்பிரிக்கர், ஆப்பிரிக்கக் கரீபியர் ஆகியோருக்கு மிகை எடை 23-இலும், உடற்பருமன் 27.5-இலும் தொடங்குவதாக நைஸ் வரையறுத்துள்ளது. பூர்வீகத்தைப் பொறுத்தே இது கணக்கிடப்படும், பிறந்த நாட்டைப் பொறுத்து அன்று. லண்டனில் பிறந்து வளர்ந்த தமிழருக்கும் இதே எல்லைதான்.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. ஒரே குறியெண் உள்ள வெள்ளையரையும் தெற்காசியரையும் ஒப்பிட்டால், தெற்காசியருக்கு உடலில் கொழுப்பின் பங்கு அதிகமாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருப்பது வழக்கம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றியே சேர்கிறது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் தோற்றத்தை நம் ஊர்களில் யாரும் நோயாக நினைப்பதில்லை. "கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறார்" என்று சொல்லிக் கடந்துவிடுவோம். நீரிழிவோ அந்த வயிற்றில்தான் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எல்லைகளைக் கவனிக்குமாறு பரிந்துரைத்தது. 2021-இல் இங்கிலாந்தில் சுமார் 15 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் தெளிவான ஒன்றைக் காட்டியது. குறியெண் 30-இல் வெள்ளையருக்கு உள்ள இரண்டாம் வகை நீரிழிவு அபாயம், தெற்காசியருக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் 27.5 என்பதுகூடத் தாராளமான எல்லைதான். இந்தியாவில் மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதல் உடற்பருமனின் எல்லையை 25-ஆக வைத்திருக்கிறது. 1.60 மீட்டர் உயரமுள்ள தமிழருக்கு உடற்பருமன் இந்திய அளவுகோலில் 64 கிலோவிலும், இங்கிலாந்தின் தெற்காசிய எல்லைப்படி 70.4 கிலோவிலும், பொது எல்லைப்படி 76.8 கிலோவிலும் தொடங்குகிறது. நாம் மேலே பார்த்த 72 கிலோக்காரர் இந்த இரண்டாவது கணக்கில் உடற்பருமன் உள்ளவராகிறார்.

இந்த இரண்டரைப் புள்ளிக் குறைப்பு மருந்து, அறுவைச் சிகிச்சை உட்படப் பெரும்பாலான திட்டங்களுக்கும் பொருந்தும். ஆனால் மருத்துவமனைக் கணினியில் ஒருவரின் இனப் பின்னணி பதிவாகியிருந்தால்தான் அது கணக்கில் சேரும். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யும் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் இருக்கும். தமிழர் என்றோ இலங்கையர் என்றோ வழக்கமாகத் தனிக் கட்டம் இருக்காது. இலங்கைத் தமிழர்கள் "வேறு ஆசியப் பின்னணி" என்பதைக் குறிக்க வேண்டியிருக்கும். "எதற்கு இதெல்லாம்" என்று அந்த இடத்தைக் காலியாக விடுபவர் தமக்குரிய எல்லையைத் தாமே உயர்த்திக்கொள்கிறார். பதிவு எப்படி இருக்கிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

வகுப்புகளும் கைப்பேசித் திட்டங்களும்

எடை மேலாண்மைச் சேவைகள் நான்கு படிகளாகப் பேசப்படுவது வழக்கம். முதற்படி பொதுமக்கள் எல்லோருக்குமான விழிப்புணர்வு. இரண்டாம் படி வாழ்க்கைமுறை வகுப்புகள். மூன்றாம் படி மருத்துவர், உணவியலர், உளவியலர் சேர்ந்து பார்க்கும் சிறப்புச் சேவை. நான்காம் படி அறுவைச் சிகிச்சை.

இரண்டாம் படி வகுப்புகளைப் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்கள் நடத்துகின்றன. பொதுச் சுகாதாரப் பொறுப்பு 2013 ஏப்ரலில் அவற்றுக்கு மாற்றப்பட்டதே காரணம். எனவே தகுதியும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். சில இடங்களில் தாமே பெயர் கொடுத்துச் சேரலாம். சில இடங்களில் மருத்துவரின் பரிந்துரை வேண்டும். ஒரு தெருவின் இந்தப் பக்கம் வகுப்பு இருக்கும், அடுத்த மன்றத்தின் எல்லைக்குள் வரும் அந்தப் பக்கம் இராது.

நாடு முழுவதற்குமான திட்டங்களுள் முதலாவது 2021-இல் தொடங்கிய இணையவழி எடை மேலாண்மைத் திட்டம். 12 வாரம் நடக்கும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறியெண் 30, அல்லது தமிழர் போன்றோருக்கு 27.5 இருக்க வேண்டும். இவற்றோடு நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இரண்டுமோ இருந்தாக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் பலரை வெளியே நிறுத்துகிறது. எடை மட்டும் கூடியிருந்து, நோய் இன்னும் வராதவருக்கு இதில் இடம் இல்லை. குடும்ப மருத்துவரோ மருந்தாளரோ பரிந்துரைக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கு மூன்று நிலைகளில் உதவி உண்டு. பாதியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குப் பயிற்சியாளரின் கவனிப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு வேறொரு திட்டம் இருக்கிறது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 42 முதல் 47 மில்லிமோல் வரை உள்ளவர்களை, 2016-இல் தொடங்கிய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் சேர்த்துக்கொள்கிறது. இங்கே எடையைவிட இரத்த முடிவே திறவுகோல்.

நீரிழிவு வந்துவிட்டவர்களுக்கு "மீட்சிக்கான பாதை" என்ற பொருளில் பெயரிடப்பட்ட திட்டம் உண்டு. வயது 18 முதல் 65-க்குள்ளும், இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு 6 ஆண்டுகளுக்குள்ளும் இருக்க வேண்டும். குறியெண் வெள்ளையருக்கு 27, ஆசியருக்கும் கறுப்பினத்தவருக்கும் 25. முதல் 12 வாரம் வழக்கமான உணவை முற்றிலும் நிறுத்தி, நாளொன்றுக்கு 800 முதல் 900 கலோரி தரும் கஞ்சி, சூப் போன்ற மாற்று உணவை மட்டும் உட்கொள்ள வேண்டும். பிறகு படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்ப உதவுவார்கள். மொத்தம் ஓராண்டு. 1.60 மீட்டர் உயரமுள்ள தமிழருக்கு இங்கே 64 கிலோவே போதும் என்பதைக் கவனிக்கவும். எல்லாத் திட்டங்களிலும் தெற்காசியருக்கு மிக எளிதில் திறக்கும் கதவு இதுதான். 6 ஆண்டுக் கெடு தாண்டிவிட்டால் அது மூடிவிடும்.

மருந்துகள்

மக்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பழைய மருந்தான ஆர்லிஸ்டாட் கொழுப்பு குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் மாத்திரை. குறியெண் 30, அல்லது நோய் அபாயங்களோடு 28 இருந்தால் குடும்ப மருத்துவர் எழுதித் தரலாம். மூன்று மாதத்தில் எடையில் 5 விழுக்காடு குறைந்தால்தான் தொடரும்.

இப்போது எல்லோரும் பேசுவது வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகளைப் பற்றி. வெகோவி என்று விற்கப்படும் செமக்ளூடைட்டை 2023 மார்ச்சில் நைஸ் அனுமதித்தது. சிறப்புச் சேவையின் மேற்பார்வையில், அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு மட்டும். மௌன்ஜாரோ என்று விற்கப்படும் டிர்செபடைட்டை 2024 டிசம்பரில் அனுமதித்தது. குறியெண் 35 (தெற்காசியருக்கு 32.5), எடை சார்ந்த ஒரு நோயாவது இருக்க வேண்டும் என்பது இதன் விதி. இந்த விதிப்படி சுமார் 34 இலட்சம் பேர் தகுதி பெறுவார்கள் என நைஸ் மதிப்பிட்டது.

இத்தனை பேருக்கும் உடனே கொடுக்கப் பணமும் இல்லை, கவனித்துக்கொள்ள ஆட்களும் இல்லை. நைஸ் அனுமதித்த மருந்துக்குச் சில மாதங்களுக்குள் நிதி ஒதுக்குவது வழக்கமாகச் சட்டக் கடமை. இந்த மருந்துக்கு மட்டும் 12 ஆண்டுகள் வரை கட்டங்கட்டமாக வழங்க விலக்கு அளிக்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளில் சுமார் 2,20,000 பேருக்கே கிடைக்கும். விதிப்படி தகுதி உள்ளவர்களில் பதினைந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

குடும்ப மருத்துவர் வழியாக வழங்கல் 2025 ஜூன் 23-இல் தொடங்கியது. முதலாண்டில் குறியெண் 40 (தெற்காசியருக்கு 37.5) இருப்பதோடு, குறிப்பிட்ட ஐந்து நோய்களில் நான்காவது இருக்க வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய இரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், இரத்தக் கொழுப்புக் கோளாறு ஆகியவையே அந்த ஐந்து. இரண்டாம் ஆண்டில் 35 முதல் 39.9 வரை (32.5 முதல் 37.4 வரை) உள்ளவர்கள் நான்கு நோய்களோடு சேரலாம். மூன்றாம் ஆண்டில் 40 (37.5) உள்ளவர்களுக்கு மூன்று நோய்கள் போதும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதன் உட்சிக்கலைக் காட்டும். 1.60 மீட்டர் உயரமும் 97 கிலோ எடையும் உள்ள ஒரு தமிழ்ப் பெண்மணியின் குறியெண் 37.9. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை எடுக்கிறார். இரவில் உரக்கக் குறட்டை விடுகிறார், பகலில் உட்கார்ந்த இடத்தில் உறங்கிப்போகிறார். அவருடைய பூர்வீகம் பதிவாகவில்லை என்றால் எல்லை 40, அவர் வெளியே. பதிவாகியிருந்தால் எல்லை 37.5, எடை போதும். ஆனால் நோய்கள் மூன்றே. குறட்டை கணக்கில் வராது. தூக்கப் பரிசோதனை செய்து, மூச்சுத் தடை நோய் என உறுதியாகி, அதற்குச் சிகிச்சை தேவை என்று பதிவானால்தான் அது நான்காவது நோயாகும். அதுவரை அவர் மூன்றாம் ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டும். உடம்பில் நோய் இருப்பது வேறு, கோப்பில் நோய் இருப்பது வேறு. தகுதி கோப்பைத்தான் பார்க்கிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இந்த ஐந்தில் சேராது.

மிகவும் நோயுற்றவருக்கு முதலில் என்ற முறை நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நான்கு நோய்கள் வரும்வரை காத்திருக்கச் சொல்வது, நோயைத் தடுக்க வந்த மருந்தை நோய் முற்றிய பின் கொடுப்பதாகவும் ஆகிறது. வசதி உள்ளவர்கள் மாதந்தோறும் சொந்தப் பணத்தில் தனியார் மருந்தகங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். எடை சார்ந்த நோய்கள் ஏழை வட்டாரங்களில் அதிகம் என்பதால், அந்த வழி இல்லாதவர்களே பெரும்பாலும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு விளக்கம் தேவை. நீரிழிவைக் கட்டுப்படுத்த இதே டிர்செபடைட்டைக் கொடுப்பதற்கு நைஸ் வகுத்த விதி தனி. மேற்சொன்ன கட்டங்கள் எடைக்காகக் கொடுப்பதற்கே. ஆகவே நீரிழிவுக்காரர் தம் மருத்துவரிடம் இரண்டையும் பிரித்துக் கேட்பது நல்லது. மருந்து கிடைத்தவர்களும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகளில் கட்டாயம் பங்கேற்க வேண்டும். தாங்கக்கூடிய உச்ச அளவில் 6 மாதம் எடுத்தும் எடையில் 5 விழுக்காடு குறையாவிட்டால், தொடர்வதா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்வார்.

அறுவைச் சிகிச்சை

இரைப்பையைச் சிறிதாக்குவது, உணவின் பாதையை மாற்றி அமைப்பது ஆகியவை இதில் அடங்கும். குறியெண் 40, அல்லது எடை குறைந்தால் சீராகக்கூடிய நோயோடு 35 முதல் 39.9 வரை இருப்பவர்கள் தகுதி உடையவர்கள். தெற்காசியருக்கு இங்கும் 2.5 கழியும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவர்களுக்கு 35-இலேயே விரைவு மதிப்பீடு உண்டு, 30 முதல் 34.9 வரை உள்ளவர்களையும் பரிசீலிக்கலாம். ஆயுள் முழுவதும் தொடர் பரிசோதனைக்கும் ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கும் உடன்பட வேண்டும்.

குடியுரிமையும் கட்டணமும்

குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய விசா, முகவரிச் சான்று எதுவும் கட்டாயம் இல்லை. மருத்துவமனைச் சேவைதான் வேறு. படிக்கவோ வேலைக்கோ சென்றவர்கள் விசாவோடு சுகாதார மிகைக்கட்டணம் செலுத்துகிறார்கள் (2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776). அதைச் செலுத்தியவர்கள் மற்ற குடிமக்களைப் போலவே இச்சேவைகளைப் பெறலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போயிருக்கும் அம்மா, அப்பாவுக்கு மூன்றாம், நான்காம் படிச் சேவைகள் இலவசம் அல்ல.

மருந்துச் சீட்டுக்கு 2025-இல் ஒரு பொருளுக்கு 9.90 பவுண்டு. 60 வயது நிறைந்தவர்களுக்கும், விலக்குச் சான்று பெற்ற, மருந்து எடுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் அதுவும் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மருத்துவரைப் பார்க்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்கலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போவதைவிட இது மேல்.

குழந்தைகள்

குழந்தைகளுக்குக் குறியெண்ணை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அதே வயதும் பாலினமும் கொண்ட நூறு பேரில் எந்த இடம் என்பதைக் காட்டும் வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்ப்பார்கள். மருத்துவமனையில் 91-ஆம் இடத்திலிருந்து மிகை எடை, 98-இலிருந்து உடற்பருமன். பெரியவர்களுக்கான இரண்டரைப் புள்ளிக் குறைப்பு இங்கே இல்லை. 4–5 வயதிலும் 10–11 வயதிலும் அரசுப் பள்ளிகளில் எடை, உயரம் அளப்பார்கள். விரும்பாத பெற்றோர் முன்னரே மறுப்புத் தெரிவிக்கலாம். பல இடங்களில் முடிவு வீட்டுக்குக் கடிதமாக வரும். வகுப்பறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்த அனுபவம் உள்ள எவருக்கும் அந்த எண் சகமாணவர் காதில் விழாமல் காப்பது எவ்வளவு அவசியம் என்று தெரியும். உடற்பருமனால் தீவிரப் பாதிப்புகள் வந்த 2 முதல் 18 வயதுவரையிலான பிள்ளைகளுக்குச் சிறப்பு மருத்துவ நிலையங்கள் 2021 முதல் இயங்குகின்றன.

மறுக்கப்பட்டால்

சிறப்புச் சேவைகளுக்கு நிதி ஒதுக்குவது ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள். 2022 ஜூலையில் இவை 42 எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டன. சேவையின் அளவு வாரியத்துக்கு வாரியம் மாறும். சில பகுதிகளில் காத்திருப்போர் பட்டியல் நீண்டதால் புதிய பரிந்துரைகளையே நிறுத்திவைத்ததும் உண்டு. எனவே மறுப்பு வந்தால், விதிப்படி தகுதி இல்லையா, அல்லது தகுதி இருந்தும் அந்த வட்டாரத்தில் சேவை இல்லையா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது என்றால் பூர்வீகம், அண்மைய எடை, கண்டறியப்பட்ட நோய்கள் ஆகியவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்க்கலாம். தம் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. என்.எச்.எஸ். செயலியிலேயே பெரும்பகுதியைக் காணலாம். இரண்டாவது என்றால் வாரியத்திடம் முறையிடலாம். அசாதாரணமான மருத்துவச் சூழல் இருந்தால், தனிநபர் நிதிக் கோரிக்கை ஒன்றை மருத்துவர் வழியாக அனுப்பலாம். முறையீட்டுக்கு வந்த பதிலில் நிறைவு இல்லாதவர்கள் நாடாளுமன்ற, நலச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முறையிட்டதற்காகச் சிகிச்சையில் குறை வைக்கக்கூடாது என்பதும் விதியே.